இரண்டாம் சுற்றில் வேரோனிக்கா

"பேராளர் எனப்படுபவர் கட்சியின் கொள்கைகளில் நீண்டகால ஈடுபாடும் விவாதங்களில் தளராத ஆர்வமும் உடையவர்" என்கிறது மாநாட்டுக் கைநூல். வேரோனிக்கா டெனிஸ்டன் வோபர்ன் தொகுதியில் பாடசாலை பஸ் ஓட்டுபவர். கட்சிக் கூட்டத்துக்கு அவர் போனது ஒரேயொரு தடவை, அதுவும் கணவரைக் காரில் ஏற்றிவர.

கட்சித் தலைவரைத் தெரிவுசெய்யும் கணக்கு விசித்திரமானது. தொகுதியில் ஆயிரம் உறுப்பினர் இருந்தாலும் நூறு பேர் இருந்தாலும் பேராளர் தொகை ஒன்றே. உறுப்பினர் போடும் வாக்கின் விகிதப்படி அந்த இடங்களை வேட்பாளர்களுக்குப் பிரிப்பார்கள். அதில் பாதி பெண்களுக்கு. ஒஷாவாவைச் சேர்ந்த பெண் வேட்பாளருக்காக வோபர்னில் ஆள் சேர்த்தவர் அருள்நாயகம். அவரிடம் ஆண்கள் தேவைக்கு மேல் இருந்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாத அளவுக்கு. பெண்தான் குறைந்தது. கூட்ட வாசலில் கார்த் திறப்போடு நின்ற வேரோனிக்காவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. உறுப்புரிமையை முன்பே குடும்பத்தோடு எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். இருபது வருடக் கட்சிக்காரரான கணவர் டெனிஸ்டன் வீட்டில் இருக்க, வேரோனிக்கா மாநாட்டுக்குப் போனார். மண்டப வாசலில் ஒஷாவாப் பெண்மணி கையைப் பிடித்து ஆதரவு கேட்டார். வேரோனிக்கா தலையாட்டினார்.

முதல் சுற்றில் பேராளர் தம்மை அனுப்பிய வேட்பாளருக்கே வாக்களிக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் அந்தக் கட்டு இல்லை. முதல் சுற்று முடிவில் ஒஷாவாப் பெண்மணி பின்தங்கவே, அருள்நாயகம் கையில் மஞ்சள் சால்வைகளோடு வந்தார். மஞ்சள், முன்னணியில் நின்ற வேட்பாளரான பிறம்ரன்காரரின் நிறம். தன் ஆட்கள் ஒருவர் விடாமல் மஞ்சளுக்கு மாறினால் அடுத்த தேர்தலில் வோபர்ன் அருள்நாயகத்துக்கு என்று பேச்சாகியிருந்தது.

"எழும்பும் பிள்ளை, அங்காலை போவம்."

"நான் உந்த மனிசிக்கு வாக்குக் குடுத்திட்டன், அண்ணை."

"அது முதல் ரவுண்டுக்குக் குடுத்த வாக்கு. இப்ப எல்லாரும் ஃபிறீ."

"வாக்கிலை ரவுண்ட் இருக்கோ?"

பெட்டியில் போடுவதற்கும் வாயால் கொடுப்பதற்கும் ஒரே சொல்லை வைத்த தமிழ், கட்சி மாநாடுகளை உத்தேசித்திருக்காது. அருள்நாயகம் இறங்கி வந்தார்.

"சரி, பெட்டிக்குள்ளை ஆருக்கெண்டாலும் போடும், ஆர் பாக்கப்போயினம்? சால்வையை மட்டும் போடும். கமராவிலை எல்லாரும் மஞ்சளாத் தெரியவேணும். என்ரை சீற் உம்மடை தோளிலைதான் இருக்கு."

"அப்ப உது பொய்யெல்லோ?"

"பொய்யில்லைப் பிள்ளை. ஒற்றுமை."

வேரோனிக்கா எழும்பவில்லை.

இரண்டாம் சுற்றோடு ஒஷாவாப் பெண்மணி போட்டியிலிருந்து விழுந்தார். சற்று நேரத்தில் அவரே மஞ்சள் சால்வையோடு மேடையேறி, பிறம்ரன்காரரின் கையை உயர்த்திப் பிடித்தார்.

"பாத்தீரே, அவவே மாறிட்டா!" என்றார் அருள்நாயகம்.

"அது அவவின்ரை வாக்கு, அண்ணை."

வோபர்ன் தொகுதி பிறகு வேறொருவருக்குப் போயிற்று. ஒரு சால்வை குறைந்ததுதான் காரணம் என்று அருள்நாயகம் இன்றைக்கும் சொல்கிறார்.

வேரோனிக்கா இரண்டு சுற்றிலும் ஒஷாவாப் பெண்மணிக்கு வாக்களித்தார். மூன்றாம் சுற்றில் யாருக்கும் வாக்களிக்கவில்லை.