வரி மாறி விழுந்த எண்

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் தெரசாவுக்கு இருபத்தாறு வருட வேலை. பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் வீடு. கூட இருந்த டெக்னீஷியன் போன வருடம் பெங்களூருக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தியாக நின்றுகொண்டே செய்து, மாலையில் அவள் செருப்பைக் கழற்றும்போது பாதத்தில் வார் பதிந்த தடம் சிவந்திருக்கும்.

அதனால்தான் ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் மனோகர், "தப்பைக் குறைக்க ஒரு குவாலிட்டி டீம் போடலாம், புதன்கிழமை தோறும் மூணு மணிக்கு" என்றபோது அவளுக்குச் சலிப்பாக வந்தது.

"இருக்கிற ரிஜிஸ்டர் பத்தாதுன்னு இன்னொண்ணா, சார்?"

டீமுக்குக் காரணமானது முந்தைய மாதம் நடந்த ஒரு சம்பவம். பெண்கள் வார்டில் ஒரே நாளில் இரண்டு பார்வதம்மாக்கள். ஒருவர் முழங்கால் வலிக்கு வந்தவர். மற்றவர் ரத்தப்போக்கில் துவண்டு கிடந்தவர். முழங்கால்காரரின் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 5.8 என்று இருந்தது. ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்தபோது அவர் மகன் தடுத்தான். "காலையிலதான் மாடிப்படி ஏறி வந்தாங்க. இவங்களுக்கா ரத்தம் இல்ல?" திரும்ப எடுத்துப் பார்த்ததில் பதினொன்று. உண்மையில் ரத்தம் தேவைப்பட்டவருக்கு அது அரை நாள் தாமதமாகத்தான் கிடைத்தது. நல்லவேளை, இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

பழி, ரத்தம் எடுத்த நர்ஸ் மம்தா மேல் விழுந்தது. டியூபில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டாள் என்று மெமோ கொடுத்தார்கள். "லேப்ல தப்பே இல்ல, டியூபே மாறித்தான் வந்திருக்கு" என்று அன்றைக்குச் சொன்னவள் தெரசா. அப்படித்தான் நம்பவும் செய்தாள்.

டீமில் தெரசா, மம்தா, ரிப்போர்ட் டைப் செய்யும் டென்னிஸ் மூவரும். முதல் கூட்டத்தில் டாக்டர், "யாரு தப்புன்னு வேணாம். எந்த இடத்துல தப்பாச்சுன்னு மட்டும் தேடுங்க" என்றார்.

"மெமோ குடுக்கிறப்போ யாருன்னுதானே சார் கேட்டீங்க?" என்றாள் மம்தா.

பார்வதம்மா விஷயத்தையே முதலில் எடுப்போம் என்றான் டென்னிஸ். மெஷின் முடிவுகளை அச்சடித்துத் துப்பும் காகிதச் சுருளைத் தேடுவது தெரசாவின் பங்கு. மறுநாள் டீ நேரத்தில் அலமாரியைக் குடைந்து அந்த நாளின் சுருளை எடுத்தாள். பதினேழாம் டியூப், 11.1. பதினெட்டு, 5.8. ரிஜிஸ்டரைத் திறந்தாள். பதினேழுக்கு எதிரே முழங்கால் பார்வதம்மா, 5.8; பதினெட்டுக்கு எதிரே மற்றவர், 11.1. கையெழுத்து அவளுடையது.

டியூப் மாறவில்லை. அவள்தான் வரி மாற்றி எழுதியிருந்தாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூன்று மாதத்துக்கொரு முறை சுருள்களைக் குப்பையில் போடுவார்கள். வேறு யாரும் தொடமாட்டார்கள். திரும்ப உள்ளே வைத்தால் அத்தோடு முடிந்தது. பயத்தைவிட அசதிதான் பெரிதாக இருந்தது. இதையும் சொல்லியாக வேண்டுமா, மம்தாவின் முகத்தைப் பார்த்து? டீ ஆறிப்போயிற்று.

புதன்கிழமை சுருளை மேஜையில் விரித்தாள். "மம்தா மேல தப்பு இல்ல. எழுதறப்போ நான்தான் வரி மாத்திட்டேன்."

மம்தாவின் கண் நிறைந்தது. "நாப்பது நாளா வார்டுல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்கக்கா. அன்னிக்கே இதை எடுத்துப் பாத்திருக்கலாமே?"

"பாத்திருக்கலாம். என் கையில தப்பு வரும்னு தோணவே இல்லம்மா. மன்னிச்சிடு."

மம்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுருளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். டென்னிஸ் தெரசாவைக் கேட்டான். "எழுதறப்போ போன் வந்துச்சாக்கா?"

"எப்பதான் வரல?"

அடுத்த நாள் காலை அவன் எண்ணினான். "ரிப்போர்ட் இன்னா ஆச்சு" என்று கேட்டு வார்டுகளிலிருந்து முப்பத்துநாலு போன். ஒவ்வொன்றுக்கும் அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

போனை ரிசப்ஷனுக்கு மாற்றினார்கள். மெஷின் எண்ணை டென்னிஸ் வாசிக்க, எழுதியதை அவள் சரிபார்த்தாள். பெயரோடு நோயாளி நம்பரும் கட்டாயம். லேபிளைக் கட்டில் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும் என்றாள் மம்தா. வார்டுகளில் முணுமுணுத்தார்கள். ஆனாலும் மாதம் இருபத்தொன்பதாக இருந்த தவறு மூன்றே மாதத்தில் எட்டுக்கு வந்தது.

மம்தாவின் மெமோவை ஃபைலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குள் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. கடைசி நாளன்று லேப் வாசலில் வந்து நின்றாள்.

"வரேன்க்கா."

"இன்னும் கோபமா?"

"இருந்துச்சு. இப்போ கோபப்படக்கூட தெம்பில்லக்கா" என்று லேசாகச் சிரித்தாள். தெரசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டெக்னீஷியன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அந்த மாதத்து எட்டுத் தவறில் மூன்று தெரசாவுடையவை. புதன்கிழமை மூன்று மணிக்கு அவற்றை அவளே வாசித்தாள்.