தூக்கிப் பார்த்து வாங்கிய பேட்டரி

மழைக்காலம் முழுக்க என் அம்பாசடரைத் தள்ளித் தள்ளியே ஓய்ந்துபோய், புது பேட்டரி வாங்க பிராட்வே கடைத்தெருவுக்குப் போனேன். நான் மட்டாஞ்சேரியில் அரிசி மொத்த வியாபாரி. எதையும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். இருந்ததிலேயே கனமானதைக் கேட்டேன்.

"சாரே, அது லாரிக்கு உள்ளதாக்கும்" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும், பலம் கூடுதல்தானே" என்று மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உயரம் அதிகம், பானெட்டை அழுத்தித்தான் மூட முடிந்தது.

மறுநாள் மனைவியோடு பஜாரில் போகையில் வண்டி பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. பானெட் தகடு பேட்டரி முனையில் பட்டு, படபடவென்று பொறி பறந்து புகை கிளம்பியது. "வெடிக்கப் போகுது!" என்று கத்திக்கொண்டு அரிசிக் கிடங்குவரை ஓடினேன். அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்த சுமை தூக்குபவர் நிதானமாகக் கேட்டார்: "சேட்டா, சேச்சிய எடுக்க மறந்தாச்சோ?"

திரும்பிப் பார்த்தேன். அவள் இறங்கி, பானெட்டைத் தூக்கி நிறுத்தியிருந்தாள். புகை அடங்கியிருந்தது.

"நானும் கனமாத்தானே இருக்கேன், என்னையும் தூக்கிட்டு ஓடியிருக்கலாமே?" என்றாள்.

இப்போதெல்லாம் பழைய பேட்டரியின் நீளம், அகலம், உயரத்தை அளந்துகொண்டுதான் கடைக்குப் போகிறேன். அவள் மட்டும் இன்றும் கதவுப் பிடியில் கை வைத்தபடியேதான் காரில் உட்காருகிறாள்.