வார்த்தை வராத ஜெபம்

சில வருடங்களுக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு நாள் காலை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பக்கப் பலகை அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வலது கை கனத்தது. சுத்தியல் நழுவிக் கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் அதை எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். கூட வேலை செய்தவர்கள் கொஞ்சமும் தாமதிக்காமல் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதால் பிழைத்தேன். கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. எதிரில் இருப்பவர் சொல்வது எல்லாம் புரியும். என்ன சொல்ல வேண்டும் என்பதும் மனதுக்குள் தெளிவாக இருக்கும். வாய்க்கு வரும்போது அது காணாமல் போய்விடும், அல்லது வேறு ஏதாவது வந்து நிற்கும். தண்ணீர் கேட்க நினைத்து "பலகை" என்று கேட்டிருக்கிறேன்.

எனக்குப் படிப்பு பெரிதாக இல்லை. ஆனால் பேச்சு நன்றாக வரும். எங்கள் சபை சின்னது. பட்டறை வேலை முடிந்ததும் குளித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு ராசிபுரம் பக்கத்துக் கிராமங்களில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குப் போவேன். வசனம் சொல்லி, கதை சொல்லி, கடைசியில் ஜெபம் பண்ணினால் கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "அண்ணன் ஜெபம் பண்ணுனாப் பாரம் எறங்கிருதுங்க" என்பார்கள். கடவுள் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

அதனால்தான் கோபம் அவ்வளவு வந்தது. காலை எடுத்திருக்கலாம், கையை எடுத்திருக்கலாம், உம்மைப் பற்றிப் பேசிய வாயைத்தானா எடுக்க வேண்டும்? இந்தக் கேள்வியைக்கூட என்னால் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். எல்லாரும் வந்து தோளைத் தட்டி, குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகவும் சத்தமாகவும் பேசினார்கள். பிறகு போவதையே நிறுத்திவிட்டேன்.

என் மனைவி விடவில்லை. அவள் வீட்டில் தையல் வேலை செய்கிறாள். மிஷினுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, கத்தரி, நூல், பட்டன் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "இது என்னங்க?" என்று கேட்பாள். தப்பாகச் சொன்னால் சிரிப்பாள். எனக்கும் சில நேரம் சிரிப்பு வரும், சில நேரம் கையில் இருப்பதைத் தூக்கி எறிவேன்.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்னால் அவள், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணியது. என்னை அறியாமல் என் வாயும் கூடவே ஓடியது. ஒரு சொல் தவறவில்லை, ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. முடிவு வரை போய்விட்டேன். அவள் கூப்பிய கையைப் பிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் மனப்பாடமானது மூளையில் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். இருக்கலாம். அன்றைக்கு நானும் அவளும் சாப்பிடாமல் அழுதோம்.

அதற்குப் பிறகு சொந்தமாக ஜெபம் பண்ணிப் பார்த்தேன். "அப்பா" என்பேன். வெகுநேரம் கழித்து "கை" என்பேன். அப்புறம் "நன்றி." அவ்வளவுதான். அலங்காரமாக ஜெபித்த ஆளுக்கு அது பிச்சை எடுப்பது போல இருந்தது. ஆனால் ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்கப் பாடுபடும்போதுதான் அது எவ்வளவு கனமானது என்று தெரிகிறது. "இரக்கம்" என்ற சொல்லை முன்பு எத்தனை முறை போகிற போக்கில் சொல்லியிருப்பேன்! அது எனக்குத் திரும்பி வர ஒரு மழைக்காலம் பிடித்தது. வந்த அன்று அதையே நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படி இருந்தபோதுதான் எங்கள் போதகர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். ராசிபுரம் பக்கத்துக் கிராமத்தில், ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலையில் வேலை செய்யும் ஒரு சகோதரி உண்டு. கணவர் இல்லை, ஒரே மகன். முன்பு அவர்கள் வீட்டுக் கூட்டத்தில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். அந்த மகன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே வேலைக்குப் போனவன், அங்கே ஒரு விபத்தில் இறந்துவிட்டான். அந்தச் சகோதரி வேலைக்குப் போவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, ஆறுதல் சொல்ல வந்தவர்களை உள்ளேயே விடுவதில்லையாம்.

"என்னையும் வாசலோட அனுப்பிருச்சுங்க" என்றார் போதகர். கொஞ்சம் தயங்கினார். "பேசறவங்க யாரும் வர வேண்டாமுங்க, பேச்சு நின்னுபோன அந்த அண்ணன் வேண்ணா வரட்டும்னு சொல்லுதுங்க."

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். "என்னால... ஆகாது" என்றேன்.

என் மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். "ஏனுங்க, பேச வேண்டாம்னுதானே கூப்புடறாங்க. உங்களுக்கு ஏத்த வேலைதானுங்க" என்றாள்.

மறுநாள் மதியம் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ராசிபுரத்தில் இறங்கி, மினி பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் மரவள்ளி போட்ட காடு. அங்கே போய் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒரு வாக்கியத்தைக் கட்டிக் கட்டிப் பார்த்தேன். பாதி வழியில் அதுவும் கலைந்து போனது.

கதவு திறந்திருந்தது. அந்தச் சகோதரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழவில்லை. "வாங்கண்ணா, ஒக்காருங்க" என்றார். எதிரில் தரையில் உட்கார்ந்தேன். என் மனைவி சமையலறையை எட்டிப் பார்த்தாள். அடுப்பு மூட்டிய அடையாளமே இல்லை. யாரையும் கேட்காமல் அரிசி களையப் போய்விட்டாள்.

அவள் உலை வைத்து, அது கொதிக்கும் சத்தமும் கேட்டது. பழைய நானாக இருந்தால் அந்த நேரத்துக்குள் பத்து வசனம் சொல்லியிருப்பேன். பிறகு அவர் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"பொங்கலுக்கு வாரேன்னு சொன்னானுங்கண்ணா. போன்ல சாப்பிட்டயான்னு கேட்டேன், சாப்பிட்டேன்னான். அது பொய்யின்னு எனக்குத் தெரியுமுங்க, குரல்லயே தெரியும்." மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். அவனுக்குப் பிடித்த குழம்பு, அவன் செருப்பைக் கழற்றிப் போடும் இடம், அவன் கோபம். "அல்லாரும் வந்து, ஆண்டவர் சித்தம், அவன் நல்ல எடத்துல இருக்கறான்னு சொல்றாங்கண்ணா. என்ற வீடு நல்ல எடமில்லீங்களா?"

வாய் நன்றாக இருந்திருந்தாலும் அதற்குப் பதில் இருந்திருக்காது. கண்ணில் நீர் வழிய அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அழுதார். ஊருக்கு முன்னால் அழாமல் இருந்தாராம், பிறகு சொன்னார்.

கிளம்பும் நேரத்தில் ஜெபம் பண்ணாமல் போக மனம் வரவில்லை. மனப்பாட ஜெபத்தைச் சொல்லியிருந்தால் தடுக்காமல் வந்திருக்கும். ஆனால் அவருக்காக, அவருக்கென்றே கேட்க வேண்டும் என்று தோன்றியது. கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே... இந்தத் தங்கச்சிக்கு... ஆ... ஆ..." ஆறுதல் என்று சொல்ல வேண்டும். அது தொண்டைக்குக் கீழேயே நின்றது. வேர்த்தது. கடைசியில், "ஆணி குடுங்க" என்று வந்துவிட்டது.

பட்டறையில் பல வருடம் சொன்ன சொல். வெட்கத்தில் கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது.

"ஆணி இல்லீங்கண்ணா" என்றது அந்தச் சகோதரியின் குரல். "ஆறுதலுங்க."

கண்ணைத் திறந்தேன். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, உடனே உடைந்து அழுகையானது. "ஆறுதல் குடுங்க ஆண்டவரே" என்று அவரே சொன்னார். அதோடு நிற்கவில்லை. "எனக்கு உங்க மேல கோவமுங்க. என்ற பையனை ஏனுங்க கூட்டிட்டுப் போனீங்க? என்னால தாங்க முடியலீங்க. நீங்கதான் என்னையத் தாங்கோணும்."

அவன் இறந்த பிறகு அவர் பண்ணிய முதல் ஜெபம் அது. "ஆமென்" என்றேன். அந்தச் சொல் மட்டும் கொஞ்சமும் தடுக்காமல் வந்தது.

என் மனைவி சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தாள். அவர் கொஞ்சம் சாப்பிட்டார். மினி பஸ் வரும் இடம் வரைக்கும் வந்து, "மறுக்கா வாங்கண்ணா" என்று வழியனுப்பினார்.

அப்புறம் பலமுறை போனோம். துக்கம் ஒரே நாளில் தீரவில்லை. சில நாள் கதவு சாத்தியே இருந்தது, வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அடுத்த பருவத்தில் ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு வரத்து ஆரம்பித்தபோது அவர் ஆலை வேலைக்குத் திரும்பினார். பிறகு ஒரு நாள், அதே ஆலையில் உடன் வேலை செய்யும் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து இறந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, "அண்ணா, நாம போலாமுங்க" என்று அவரே என்னைக் கூப்பிட்டார்.

இப்போது துக்க வீடுகளுக்கு நாங்கள் மூன்று பேராகப் போகிறோம். என் பேச்சு பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. இன்னும் தடுக்கும். தடுக்கும் இடத்தில் யாராவது ஒருவர் சொல்லை எடுத்துக் கொடுப்பார், சில சமயம் அந்த வீட்டுக்காரரே கொடுப்பார். கொடுத்த கையோடு, தன் மனதில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மனைவிதான் எழுதுகிறாள். விட்டுப்போன சொற்களை அவளே போட்டுக்கொள்கிறாள்.

ஏன் எனக்கு அப்படி ஆனது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் நான் குறையில்லாமல் ஜெபித்த காலத்தில் மற்றவர்கள் என் ஜெபத்தைக் கேட்டார்கள், குறையோடு ஜெபிக்கும் இந்தக் காலத்தில் அவர்களே ஜெபிக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, இழந்ததைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வருவதில்லை.