கொட்டாவி என்றால் சூப்பர்வைசர்

மாடத்தியால் பேசாமல் இருக்க முடியாது. சங்கரன்கோவில் பக்கம் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். அங்கே கை குச்சி அடுக்கும், வாய் ஊர்க்கதை அடுக்கும், யாரும் தடுக்க மாட்டார்கள். 2010இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் செல்போன் செய்யும் கம்பெனிக்கு வந்து எங்கள் லைனில் பதினான்காம் சீட்டில் உட்கார்ந்தாள். நீலக் கோட்டு, தொப்பி, மூக்கு வரை மாஸ்க். லைனில் பேசக் கூடாது என்பது சட்டம். முதல் மாதமே இரண்டு வார்னிங் லெட்டர் வாங்கினாள். ஒரு வருட ட்ரெயினிங்கை முடித்தால் பெர்மனன்ட். மூன்றாவது லெட்டர் வந்தால் மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸ்.

இரண்டையும் எழுதியவர் சூப்பர்வைசர் சிவசங்கர், பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரமும் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பதுதான் அவர் வேலை.

இரண்டாவது லெட்டர் வந்த சாயங்காலம், நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த ரூமில் மாடத்தி அறிவித்தாள்.

"ஏட்டி, தமிழ் பேசினாத்தான லெட்டரு? வேற பாஷை பேசுவோம்."

ஒன்பதாம் சீட்டு அன்னக்கிளி தனக்கு இந்தியெல்லாம் வராது என்றாள்.

"இந்தி யாருக்குட்டி வேணும்? இல்லாத பாஷையா ஒண்ணு செய்யுதேன்."

செய்தாள். உதடு அசைந்தால் மாஸ்க் அசையும், மாஸ்க் அசைந்தால் மாட்டிக்கொள்வோம். ஆகவே உதட்டுக்கு வேலை தராத ஒலிகளை மட்டும் எடுத்துக்கொண்டாள்: நாக்குச் சொடுக்கு, மூக்குறிஞ்சல், தொண்டைக்குள் ஒரு 'ம்'. முதலில் இருமலும் இருந்தது. அன்னக்கிளி நீளமாக ஒரு சேதி இருமியதில் அவளை மெடிக்கல் ரூமுக்குக் கூட்டிப்போய் அரை நாள் படுக்க வைத்துவிட்டார்கள். அன்றோடு மாடத்தி இருமலைப் பாஷையிலிருந்து நீக்கினாள். படுக்க ஆசைப்பட்டவர்கள் மட்டும் அதன் பிறகும் இருமினார்கள்.

ஆளுக்குப் பெயர் கிடையாது, சீட்டு நம்பர்தான். ஒன்றுக்கு ஒரு சொடுக்கு. பதினேழாம் சீட்டுக்காரி பதினேழு தரம் சொடுக்கிப் பார்த்துவிட்டு நாக்கு வலிக்கிறது என்று அழுதாள். உடனே மாடத்தி ஐந்துக்கு ஒரு மூக்குறிஞ்சல் என்று மாற்றினாள். மாடத்தி என்றால் இரண்டு உறிஞ்சல், நான்கு சொடுக்கு. வாக்கியத்தில் முதலில் ஆள், அப்புறம் விஷயம், கடைசியில் காலம். முடிந்ததற்கு உச்சத்தில் 'ம்', வரப்போவதற்குத் தாழ்வாக 'ம்'. நடந்துகொண்டிருப்பதற்கு ஒலியே இல்லை. அதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்றாள். டிரேயில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கேள்வி.

வார்த்தைகள் தேவைக்குத் தக்கபடி வந்தன. முதலில் பிறந்த வார்த்தை கேன்டீன் சாம்பார். சூப்பர்வைசருக்கு மட்டும் விதிவிலக்காக ஒரு கொட்டாவி; கொட்டாவிக்கு யாரும் லெட்டர் தர முடியாது. அதில்தான் சின்னச் சிக்கல். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது நிஜமாகவே கொட்டாவி விட்டாலும் இருபத்திரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து கையை ஓட்டுவோம். அந்த மாதம் பெஸ்ட் லைன் சர்ட்டிபிகேட் எங்களுக்குத்தான். சிவசங்கர் அதை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்.

ஒலி மூன்று சீட்டுத் தூரம்தான் கேட்கும். ஆகவே கேட்டவள் அடுத்தவளுக்குத் தள்ளிவிட வேண்டும். அப்படித்தான் மாடத்தி லைன் முழுக்க ஒரு தொடர்கதை ஓட்டினாள். கேன்டீனில் பரிமாறும் வேல்ராஜ் அன்னக்கிளி தட்டில் மட்டும் இரண்டு வடை வைப்பான். உண்மை அவ்வளவுதான். மீதியெல்லாம் மாடத்தி சேர்த்தது. அவன் லெட்டர் எழுதினான், கிழித்தான், மறுபடி எழுதினான். தன் கதையில் அடுத்து என்ன என்று அன்னக்கிளியே டிரேயைத் தட்டிக் கேட்பாள்.

ட்ரெயினிங் முடிய மூன்று வாரம் இருக்கும்போது வெளிநாட்டிலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். லைன் ஒரு நொடியும் நிற்கக் கூடாது, சத்தம் வரக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். சிவசங்கர் அவர்களோடு முதல் சீட்டுப் பக்கம் நின்றிருந்தார். அப்போது பார்த்து மாடத்தியின் கிண்ணத்தில் ஸ்க்ரூ தீரப்போனது. சூப்பர்வைசர்தான் எடுத்துத் தர வேண்டும், நாங்கள் யாரும் சீட்டை விட்டு எழக் கூடாது. சும்மா இருந்தால் லைன் நிற்கும். கத்திக் கூப்பிட்டால் மூன்றாவது லெட்டர்.

என்ன செய்வது என்று தெரியாமல் தன் பாஷையில் புலம்பினாள். பதினான்கு, ஸ்க்ரூ, தீரப்போகிறது. யாரிடம் சொல்கிறோம் என்று அவளே யோசிக்கவில்லை. வழக்கம்போல நாங்களும் அதைச் சீட்டுச் சீட்டாக முன்னால் தள்ளினோம். முதல் சீட்டில் அது சொடுக்கி முடிந்ததும் சிவசங்கர் திரும்பினார். நேராக ரேக்குக்குப் போனார். ஸ்க்ரூ பாக்கெட்டை எடுத்துவந்து பதினான்காம் சீட்டில் வைத்தார். டிரேயில் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. ஆனாலும் லைன் ஓடியது.

ஷிப்டு முடிந்ததும் மாடத்தியைக் கண்ணாடிக் கேபினுக்குக் கூப்பிட்டார். மேஜையில் வார்னிங் லெட்டர் கட்டு. பாதி சாத்திய கதவுக்கு வெளியே ஷூ மாற்றுவதுபோல நாங்கள் நின்றோம்.

"கொட்டாவின்னா நான்தானே?"

மாடத்தி தலையைக் குனிந்தபடி எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள்.

"எட்டு மணி நேரம் உங்க பின்னாலயே நடந்துகினு கீறேன். எனுக்கு வேற இன்னா வேல? ஒரே மாசத்துல புரிஞ்சிடுச்சி."

"எழுதிருங்க சார். ஊருக்குப் போயிருதேன்."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"எழுதறது இருக்கட்டும். செவ்வாக்கிழம எனுக்கு வீக் ஆஃப். அந்த வேல்ராஜு லெட்டர குடுத்தானா, இல்லியா?"

மாடத்தி நிமிர்ந்தாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார். சிவசங்கர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். மாடத்தி மாஸ்க்கை மூக்கு வரை ஏற்றி, ஓர் உறிஞ்சல், நான்கு சொடுக்கு என்று அன்னக்கிளியிலிருந்து ஆரம்பித்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் மூக்குறிஞ்சல்கள் எப்போதையும்விடத் தெளிவாக வந்தன. சரியாகத் திட்டு வாங்குகிறாள் என்று நினைத்து மேனேஜர் திருப்தியாக நகர்ந்தார்.

மூன்று வாரம் கழித்து நோட்டீஸ் போர்டில் பெர்மனன்ட் லிஸ்ட் ஒட்டினார்கள். மாடத்தி பெயர் ஏழாவதாக இருந்தது. தனக்கு வேறு வார்த்தை வைக்க வேண்டும் என்று சிவசங்கர் அன்று கேபினிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளும் வைத்தாள். பெரியவர், மரியாதை வேண்டும் என்று யோசித்து, இரண்டு கொட்டாவி.