பெர்னதெத் வீட்டுக்கு மதிவாணன் வைத்த மோடம்

நீல நிற கேபிளின் ஒரு முனை லேப்டாப்பில் இருந்தது. மறுமுனையை மோடத்தில் செருகி, 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்வரை மதிவாணனின் கட்டைவிரல் அழுத்தியது. ஜன்னலோரம் மஞ்சள் ஒளியிழைக் கம்பி மூடி கழற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கைகள் தொடவில்லை. வெளி லைன் உள்ளே வருமுன் சாத்த வேண்டியதையெல்லாம் சாத்திவிட வேண்டும். அந்தக் கைகளின் முறை அது.

மதிவாணன் பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கேபிள் டிவி காலத்திலேயே சாரம் பகுதிக் கம்பங்களில் ஏறத் தொடங்கினார். ஒரு மழைநாளில் கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில், யாரோ கழித்துப்போட்ட லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி, ஒவ்வொரு கட்டளையாக அடித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அதன்பின் அவர் கம்பம் ஏறவில்லை. சாய்ந்து சாய்ந்து நடந்து, வீடு வீடாக மோடம் வைத்துக் கொடுக்கிறார்.

பெர்னதெத் அவரை முதலில் அழைத்தது, வக்கீலோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் படம் நின்றுபோகிறது என்பதற்காகத்தான். கணவர் அமலநாதன் இறந்த பிறகு, வீட்டை எழுதிக் கொடுக்கச் சொல்லி மாடியில் இருக்கும் கொழுந்தன் ஆரோன் நெருக்கிக்கொண்டிருந்தான். வக்கீலிடம் அவர் என்ன பேசினாலும் மறுநாளே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டில் வேலை செய்த செல்வாம்பாள்தான் போய்ச் சொல்கிறாள் என்று பெர்னதெத் நினைத்தார். அந்த வீடு அமலநாதனின் சொந்தச் சம்பாத்தியம் என்று சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அவளை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். துடைப்பத்தை வைத்துவிட்டுப் போன செல்வாம்பாள் திரும்பி வரவில்லை.

படம் நிற்பதைப் பார்க்க வந்த அன்று மதிவாணன், ஆரோன் போட்டிருந்த பழைய மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எந்தெந்தக் கருவி எதனோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தார்.

"ஏம்மா, ஹால்ல கேமரா இருக்குதா?"

"அவரு படுத்த படுக்கையா இருந்தப்ப ஆரோன் மாட்டினது தம்பி. மாடியிலேர்ந்து பாத்துக்குறேன்னான். மாதா சுரூபத்துக்குப் பின்னாடி இருக்கு. இப்ப அது ஓடலியே?"

"ஓடுதும்மா. இந்த நிமிஷம் ஆரோன்னு பேர் போட்ட போன்ல ஓடுது. சத்தத்தோட."

பெர்னதெத் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "செல்வாம்பாளை நான் என்னென்னவோ கேட்டுட்டேன்," என்றார்.

மதிவாணன் கேமராவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். பெர்னதெத் மறுநாளே செல்வாம்பாள் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. இனி சாட்சி இல்லை. வக்கீல் யோசித்து வைத்திருக்கும் வேறு வழி மட்டும்தான் மிச்சம். நாளைக்கு அதைப் பேச வேண்டும், மாடிக்குத் தெரியாமல்.

அதற்காகத்தான் இந்தத் தனி லைன். லைன் கம்பெனி இலவசமாகத் தருவதாகச் சொன்ன மோடத்தை மதிவாணன் வேண்டாம் என்றார். அதன் உள்சாவியான பாஸ்வேர்டு கம்பெனியிடமும் இருக்கும். தெருவில் வேலை செய்யும் லைன்மேன்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். அவர்களில் ஒருவனுக்கு ஆரோன் டீ வாங்கிக் கொடுத்தால் போதும். கம்பெனி ஏற்றுக்கொள்ளும் மாடல்களில், இன்னும் மென்பொருள் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் ஒன்றை, தொலைவிலிருந்து நுழையும் வழியை முற்றிலும் அடைக்க முடிகிற ஒன்றைத் தேடி அவரே வாங்கி வந்திருந்தார்.

புது மென்பொருளை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தார். கறுப்புத் திரையில் அதன் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, தயாரிப்பாளர் வெளியிட்ட எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே மோடத்தில் ஏற்றினார். தொலை நிர்வாகத்தை அணைத்தார். பட்டனை அமுக்கினால் யாரையும் சேர்த்துக்கொள்ளும் வசதியையும், கருவிகள் தாங்களாகவே வெளியே வழி திறந்துகொள்ளும் வசதியையும் அணைத்தார். ஒவ்வொன்றையும் சேமித்து, பக்கத்தை மீண்டும் திறந்து, அணைந்துதான் இருக்கிறதா என்று பார்த்தார்.

"பாஸ்வேர்டும்மா."

"வில்லியனூர் மாதான்னு போட்டு, அவரு பொறந்த வருஷத்தைப் போடு தம்பி. எங்க வூட்ல போனு, பேங்கு எல்லாத்துக்கும் அதான்."

"கேமராவுக்கு?"

"அதுக்கும் அதான்."

"உங்க கொழுந்தனாருக்கு?"

பெர்னதெத் கசப்பாகச் சிரித்தார். "அவனுக்கும் அதே மாதாதான்."

"அப்ப மாதாவை வுட்டுடுங்கம்மா. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலஞ்சு வார்த்தை. மோடத்துக்குள்ள நுழையறதுக்கு ஒண்ணு, வைஃபைக்கு வேற ஒண்ணு. என்னாண்ட சொல்லாதீங்க. நீங்களே அடிங்க." லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிவிட்டு எழுந்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

பெர்னதெத் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். நடுவில் தப்பாகி, மறுபடியும் முதலிலிருந்து அடித்தார். மதிவாணன் திரும்பவில்லை.

பிறகு மஞ்சள் கம்பியின் மூடியைக் கழற்றி மோடத்தில் செருகினார். பச்சை விளக்கு நிலைத்தது. லேப்டாப்பைத் தன் போனின் இணையத்துக்கு மாற்றி, தெருவில் போகிற அந்நியனைப் போல இந்த வீட்டின் இணைய முகவரியை வெளியிலிருந்து தட்டிப் பார்த்தார். எந்தக் கதவும் திறக்கவில்லை.

அப்போது ஆரோன் படியிறங்கி வந்தான். "என்னா அண்ணி, தனி லைனா? மாடி லைன் புளிச்சுப்போச்சா?"

ஆரோன் மதிவாணன் பக்கம் திரும்பினான்.

"ஏம்ப்பா, பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டுப் போ. இந்த வூட்டு ஆம்பள நான்தான். நாளைக்கு ரிப்பேருன்னா அவங்க முழிப்பாங்க."

"எனக்குத் தெரியாது சார்."

"வச்சவனுக்கே தெரியாதா? நல்ல வேலக்காரன்தான் போ!" அவன் வாசலில் இருந்த மின்பெட்டியைப் பார்த்தான். "மீட்டரு என் பேர்லதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க அண்ணி." படியேறிப் போனான்.

"கரண்ட்டை நிறுத்திடுவான் தம்பி," என்றார் பெர்னதெத்.

"நிறுத்தலாம்மா. அதுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா நிறுத்தினா உங்களுக்குத் தெரியும். இதுவரைக்கும் அவரு பண்ணது எதுவும் உங்களுக்குத் தெரியல."

மதிவாணன் நீல கேபிளைப் பிடுங்கிச் சுருட்டிப் பையில் போட்டார். மோடத்தின் மேல் படிந்திருந்த விரல் தடங்களைச் சட்டை நுனியால் துடைத்து, கம்பி மடங்காமல் தூக்கி, இரண்டு கைகளாலும் பெர்னதெத்திடம் நீட்டினார். அவரும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.