செலீனின் இரண்டாவது படம்

புலம்பெயர்ந்து வந்த தமிழர் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட்டில் செலீனை அறியாத தமிழ்ப் பெண்கள் குறைவு. அறிந்தவர்களில் பாதிப்பேர் அவளை வாய்க்காரி என்பார்கள். சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் அவள் பாடு என்ன ஆகியிருக்குமோ!

தொண்ணூற்றேழில் அவளுடைய இடது மார்பிலிருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்தார்கள். அடுத்தது கதிர் சிகிச்சை. கதிர் எந்தச் சாய்வில், எவ்வளவு பாயவேண்டும் என்று முதலே ஸ்கான் படம் எடுத்துத் திட்டம் போடுவார்கள். இடது பக்கம் என்றால் உள்ளே இதயம் இருக்கிறது. கதிர் பாயும் எல்லைக்கோடு கொஞ்சம் பிசகினாலும் அதிலும் கதிர் பட்டுவிடும்.

படம் எடுத்த அன்று அறைக்குள் ஓர் ஆணும் நின்றான். மேலாடை இல்லாமல், கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுக்கச் சொன்னார்கள். கட்டிய புருஷன் இருந்தாலும் விளக்கை அணைத்துவிட்டு உடுப்பு மாற்றுகிற மன்னார்க்காரி அவள். வெட்கத்தில் தோளைக் குறுக்கி, உடம்பை ஒருபக்கம் திருப்பிக் கிடந்தாள். அவள் படுக்கிற விதமே அதுதான் என்று நினைத்து, படம் எடுத்து, தோலில் அடையாளப் புள்ளிகளும் குத்திவிட்டார்கள்.

சிகிச்சையின் முதல் நாள் அறையில் பெண்கள் மட்டும்தான். செலீன் நிம்மதியாக நேரே படுத்தாள். இயந்திரத்தின் வெளிச்சக் கோடு தோலில் குத்திய புள்ளியில் விழவில்லை. அவளை உருட்டினார்கள், இழுத்தார்கள், தோளை அமுக்கினார்கள். படத்திலிருந்த கூனிக் குறுகிய செலீனை எப்படியாவது வரவழைக்கப் பார்த்தார்கள். அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

டொக்டர் வந்தார். மொழிபெயர்க்கக் கணவன் அலெக்ஸாண்டரும் வந்தான். டொக்டர் படத்தைக் காட்டினார். இதயத்தின் ஓரத்தில் ஒரு கீற்று கோட்டுக்குள் கிடந்தது. அவ்வளவு படுவது வழமைதான், பரவாயில்லை என்றார்.

"ஆருக்குப் பரவாயில்லையாம்? அண்டைக்கு நான் வெக்கத்தில நெளிஞ்சு கிடந்தனான். பிழை என்னில. திரும்ப எடுக்கச் சொல்லுங்கோ. எடுக்காமல் நான் படுக்கமாட்டன்."

அலெக்ஸாண்டர் டொக்டரைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "ஷீ இஸ் எ லிட்டில் அஃப்ரெய்ட்," என்றான்.

செலீனுக்கு மண்டை விறைத்தது. இந்த மனிதன் எப்போதும் இப்படித்தான். அவள் நெருப்பைக் கொடுத்தால் அவன் சாம்பலைக் கொண்டுபோய்க் கொடுப்பான்.

"நோ அஃப்ரெய்ட்! ஆங்கிரி!" என்று நெஞ்சில் கையை வைத்தாள். "மை ஹார்ட். டூ அகெய்ன்."

"பெரிய டொக்டரோட இப்பிடியே கதைக்கிறது?" என்றான் அலெக்ஸாண்டர்.

"ஓம், கதைப்பன். செத்தால் சாகிறது நான், பெரிய டொக்டர் இல்லை."

டொக்டர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்ப எடுத்தால் ஒரு கிழமை தள்ளிப்போகும் என்றார். போகட்டும் என்றாள்.

அடுத்த கிழமை அதே ஆண்தான் நின்றான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கைகளைத் தலைக்குமேல் போட்டு, தோளை விரித்து, கூரையை முறைத்துக்கொண்டு படுத்தாள். புதுப் படத்தை வைத்துக் கதிரின் சாய்வை மாற்றினார்கள். இதயம் கோட்டுக்கு வெளியே நின்றது. அதைப் பார்த்து அலெக்ஸாண்டர் அழுதுவிட்டான்.

அதற்குப் பிறகு வெக்ஸ்போர்ட்டிலோ பக்கத்து டோர்செட் பார்க்கிலோ எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு அந்தச் சிகிச்சை என்றாலும் செலீன் கூடப் போவாள். புருஷன்மாரை வெளியே கதிரையில் இருத்திவிடுவாள். துணியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவளிடம் சொல்வாள்:

"வெக்கத்தை வீட்டில போய் வச்சுக்கொள், பிள்ளை. இஞ்ச நிமிர்ந்து படு. உள்ளுக்கை கிடக்கிறது உன்ர இதயம்."