சுங்கை சிப்புட்டில் இறங்க முடியாத டிக்கெட்

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டாலே என் கை தானாகப் பையைத் தடவுகிறது.

காரணம் – ரயில் டிக்கெட்.

உங்களுக்குத் தெரியாததா? அதே ரயில், அதே பலகை இருக்கை. தைப்பூசம் வந்தால் போக-வர டிக்கெட் ஏறக்குறையப் பாதி விலை. திருவிழா முடிந்தால் பழைய விலை. பூசத்துக்குப் பினாங்கு வந்து, அப்படியே தாய்நாட்டுக்குக் கப்பலேறுகிறவர்கள் திரும்பும் பாதியை என்ன செய்வார்கள்? பிறை ஸ்டேஷன் வாசலில் விற்றுவிடுவார்கள். அடுத்தவர் டிக்கெட்டில் போவது குற்றம்தான்... ஆனால் மலிவு. இரண்டு வருஷமாக நான் இப்படித்தான் ஈப்போ திரும்புகிறேன்.

பெருமை சும்மா இருக்குமா? தம்பியைக் கப்பலேற்றிவிட்டுக் கைக்குழந்தையோடு நின்ற சின்னப்பனையும் அவன் மனைவி பச்சையம்மாவையும் கூப்பிட்டேன். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆட்கள்.

"முழு விலை எதுக்குப்பா? என்கூட வா." மூவருக்கும் நானே பேரம் பேசி வாங்கினேன்.

தைப்பிங்கில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். எதிர்ப்பலகைக்காரரிடமும் இதே மாதிரி டிக்கெட். பரிசோதகர் இரண்டு கேள்வி கேட்டார், மனிதர் திணறினார், இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு எங்கள் டிக்கெட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஈப்போவா?"

"ஈப்போதான்" என்றேன், மூவருக்குமாக. நகர்ந்தார்.

சின்னப்பன் மெதுவாகக் கேட்டான்: "ஈப்போவாண்ணே? நாங்க சுங்கை சிப்புட்ல எறங்கணுமே."

ஈப்போவுக்கு முன்னாலேயே சுங்கை சிப்புட் வந்துவிடும்; திருவிழா டிக்கெட்டில் நடுவில் இறங்கக் கூடாது. இறங்கினால் வாசலில் கேள்வி வரும். வாங்கும்போது எனக்கு அது தோன்றவே இல்லை... நான்தான் ஈப்போக்காரன் ஆயிற்றே.

"இன்னியோட லீவு முடியுது. பொழுது சாயறதுக்குள்ள கங்காணி முன்னால நிக்கணும்ணே. இல்லாட்டி நாங்க குடியிருக்கிற லயத்து ரூம வேற ஆளுக்குக் கொடுத்திருவாரு. சட்டி பானை வெளியில கெடக்கும்."

"எறங்கிப் பாக்கலாமா?" என்றேன்.

"எறங்கினா ஜெயிலு. எறங்காட்டி ரூமு போச்சு. நல்லா கூட்டியாந்தீங்கண்ணே."

சுங்கை சிப்புட் வந்தது. வாசலில் டிக்கெட் வாங்குகிறவர் கையை நீட்டியபடி நின்றார். சின்னப்பன் எழுந்தான். பச்சையம்மா அவன் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர்கள் ஊர், ஜன்னலில் மெல்ல நகர்ந்து பின்னால் போனது.

ஈப்போவில் இறங்கியதும் ஒரு சீனரின் வாடகை மோட்டாரைப் பிடித்தேன். கேட்டதைக் கொடுத்தேன். பேரம் பேச வாய் வரவில்லை. வழியெல்லாம் மூவரும் சூரியனையே பார்த்துக்கொண்டு போனோம் – மரத்துக்குப் பின்னால் மறையும்போதெல்லாம் நான் தலையை வெளியே நீட்டித் தேடினேன்.

தோட்டத்தை எட்டியபோது கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. கங்காணி, கையில் சாவியோடு லயத்து வரிசை வீடுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வண்டி நிற்குமுன்பே சின்னப்பன் குதித்து ஓடினான்.

"கங்காணி... வந்துட்டேன் கங்காணி."

அவர் திரும்பிப் பார்த்தார். சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

வழிநெடுக வாய் திறக்காத பச்சையம்மா, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக இறங்கினாள்.

"ஏண்ணே, மொத்தத்துல நமக்கு எவ்வளவு மிச்சம்?"

நான் டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.